பட்டுப்புடவையும் பீரோக் காற்றும்: ஈரத்தை அளந்து பட்டைக் காப்பது எப்படி

எடுத்துக் கட்டாமல் பீரோவிலேயே கிடந்த பட்டுப்புடவை மடிப்பில் விட்டுப்போகிறது. சரிகை கறுக்கிறது. வெண்பட்டு பழுப்பேறுகிறது. "கட்டவே இல்லையே, எப்படிக் கெட்டது?" என்று என்னிடம் கேட்பவர்கள் ஏராளம். கட்டவில்லை, சரி. ஆனால் மூடிய பீரோவுக்குள்ளும் வருஷம் முழுக்க அந்தப் புடவை காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டுதான் இருந்தது. பட்டு என்பது புரதம். காற்றில் கலந்திருக்கும் சில வாயுக்களைப் புரதம் இழுத்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கும், எத்தனை வேகமாக இழுக்கும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் பட்டுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈரத்தைக் கட்டுக்குள் வைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டுநூல் சோதிக்கும் கூடம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். நூல் கட்டு வந்ததும் முதல் வேலை, அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பது. சூட்டடுப்பில் வைத்து, எடை இனி குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி நிறுப்போம். அந்த உலர்ந்த எடையோடு நூற்றுக்கு 11 சேர்த்ததுதான் வியாபார எடை. உலகம் முழுவதும் பட்டுக்கு இதுதான் கணக்கு. பிரான்ஸின் லியோன் நகரத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் 1805-லேயே வந்துவிட்டது. ஈரத்தை ஏற்றி எடை காட்டி விற்பது அந்த அளவுக்கு லாபமான வேலையாக இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த நூல்தான். ஆனால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்லும் எல்லாம் எளிதாகப் புரியும்.

பட்டுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது

பட்டுப்புழு நூற்கும் இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. வெளியே பசை போன்ற செரிசின், உள்ளே ஃபைப்ராயின். நெய்வதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசையை எடுப்பார்கள். நூலின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதில் போய்விடும். நாம் கட்டுவது மிச்சமிருக்கும் ஃபைப்ராயினைத்தான்.

ஃபைப்ராயினில் சில பகுதிகள் படிகம் போல நெருக்கமாக அடுக்கப்பட்டவை. அங்கே தண்ணீரும் போகாது, வாயுவும் போகாது. அவற்றுக்கு நடுவில் ஒழுங்கில்லாத, தளர்ந்த பகுதிகள் இருக்கின்றன. முழுக்கக் காய்ந்த பட்டில் இந்தத் தளர்ந்த சங்கிலிகள்கூட ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக்கிப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து வரும் வாயு இழையின் மேல்தோலில் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். பட்டு, கம்பளி போன்ற நார்களை நன்றாக உலர்த்தி, நைட்ரஜன் வாயுவைக் கொண்டு அவற்றின் பரப்பை அளந்தால் கிராமுக்கு ஒரு சதுர மீட்டர் அளவில்தான் வரும். அதே நாரை நீராவியால் அளந்தால் நூறு சதுர மீட்டரைத் தாண்டும். நார் ஒன்றுதான். நைட்ரஜனுக்கு உள்ளே போக வழியில்லை, தண்ணீர் தனக்கு வேண்டிய வழியைத் தானே திறந்துகொள்கிறது.

தண்ணீர் மூலக்கூறு உள்ளே போய், சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடத்தில் நடுவில் நுழைந்துகொள்கிறது. சங்கிலிகள் விலகுகின்றன, அசைகின்றன, இழை உப்புகிறது. திறந்த அந்த வழியில் மற்ற வாயுக்களும் போகலாம். போனவை அங்கிருக்கும் தண்ணீரில் கரைந்து புரதத்தின் அமிலப் பக்கத்தையோ காரப் பக்கத்தையோ பிடித்துக்கொள்கின்றன.

எல்லா வாயுவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அம்மோனியாவைச் சுமார் 700 லிட்டர் வரை கரைத்துக்கொள்ளும். கந்தகம் எரிந்தால் வரும் கந்தக டை ஆக்சைடு கிட்டத்தட்ட 40 லிட்டர். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டரை லிட்டர். ஆக்சிஜன் வெறும் 30 மில்லிலிட்டர்தான். ஆகவே ஈரப் பட்டு முதலில் வாரிக்கொள்வது அம்மோனியா, கந்தகப் புகை, புது பிளைவுட்டிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு, மரத்திலிருந்து கசியும் அசெட்டிக் அமிலம் ஆகியவற்றைத்தான். அந்துருண்டையின் நாப்தலின் மாதிரி தண்ணீரோடு ஒட்டாதவை வேறு ரகம். ஈரம் ஏறும்போது அவை உள்ளே போவதைவிட, ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த இடத்தைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்து வெளியே வருவதைத்தான் அதிகம் பார்க்கலாம். கம்பளியை நனைத்தால் பழைய வாசனைகள் எல்லாம் திடீரென்று எழும்புவது இதனால்தான். மழை நாளில் பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசம் முகத்தில் அறைவதற்கும் இதில் பங்குண்டு.

இதைத் தொழிலில் பயன்படுத்தியவர்கள் பழைய காலத்திலேயே இருந்தார்கள். பாம்பேயி நகரத்துச் சலவைக்கூடம் ஒன்றின் சுவரில் ஒரு ஓவியம் உண்டு. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவன் பிரம்பால் பின்னிய பெரிய கூண்டைத் தூக்கி வருகிறான், கையில் ஒரு வாளி. கூண்டின் மேல் கம்பளித் துணியை விரித்து, கீழே கந்தகத்தை எரித்து வெளுப்பார்கள். வெசூவியஸ் எரிமலை அந்த ஊரை மூடியது பொது ஆண்டு 79-ல். அதற்கு வெகுகாலம் கழித்தும் ஐரோப்பாவில் பட்டையும் கம்பளியையும் இப்படித்தான் வெளுத்தார்கள். துணியை நனைத்துப் பிழிந்து ஈரத்தோடு அறையில் தொங்கவிட்டு, சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திக் கதவைச் சாத்திவிடுவார்கள். துணி காய்ந்திருந்தால் வெளுப்பு சரியாக ஏறாது. அவர்கள் வேண்டுமென்று செய்ததுதான், நாம் வேண்டாமலேயே மழைக்காலத்தில் நம் பீரோக்களில் நடக்கிறது.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள். பிளவுஸ் தைத்த இடத்தில் மிஞ்சிய வெண்பட்டுத் துண்டு உள்ளங்கை அளவு போதும். தூய பட்டாக இருக்க வேண்டும். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்து வடிகட்டி, அதில் துண்டைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவிடுங்கள். பட்டு மஞ்சளை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் இரண்டாக வெட்டுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் கிடைக்கும். அதில் கால் ஸ்பூன், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு கால் ஸ்பூன், இரண்டையும் ஒரு சின்ன மூடியில் கலந்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கிளம்பும். இதை மொட்டைமாடியிலோ ஜன்னல் திறந்த இடத்திலோ செய்யுங்கள். குனிந்து முகர வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

கலப்பதற்கு முன்பே இரண்டு துண்டுகளையும் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்றின் மேல் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக் காயவையுங்கள். இன்னொன்றின் மேல் வாயால் நாலைந்து தடவை ஆவி ஊதுங்கள், அல்லது ஈரக் கையால் ஒற்றி எடுங்கள். சொட்டக் கூடாது. இரண்டையும் ஒரே கண்ணாடி ஜாடியின் வாயில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, அடியில் மூடியை வைத்து மேலே ஒரு தட்டால் மூடுங்கள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் வருமே, அந்தச் சிவப்பு ஈரத் துண்டில் ஓரத்திலிருந்து ஏறத் தொடங்கும். காய்ந்த துண்டு மஞ்சளாகவே நிற்கும். நேரமாக ஆகத்தான், ஜாடிக்குள் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டு, அதுவும் மெல்ல நிறம் மாறும். ஒரே ஜாடி, ஒரே வாயு. வித்தியாசம் ஈரம் மட்டும்தான்.

அப்புறம் சிவந்த துண்டை எடுத்து விசிறிக் காற்றில் போடுங்கள். அம்மோனியா வெளியேற வெளியேற நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். காற்றாட வைத்தால் சில வாயுக்கள் போய்விடும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் எல்லாம் இப்படித் திரும்பாது. ஃபார்மால்டிஹைடு புரதச் சங்கிலிகளையே பின்னிப் பிணைத்துவிடும். கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து, மெல்ல ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு கந்தக அமிலமாக மாறினால், அது எளிதில் ஆவியாகாது. இழைக்குள்ளேயே தங்கிப் புரதத்தை அறுக்கும். மடிப்பில் ஏற்கெனவே அழுத்தம் இருப்பதால் முதலில் விடுவது அங்கேதான்.

ஈரப்பதமானி வாங்குங்கள், வாங்கியதைச் சோதியுங்கள்

தோலை நம்பி ஈரத்தைக் கணிக்க முடியாது. எண் காட்டும் சின்ன ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி பீரோவுக்குள், புடவை அடுக்கின் நடுவில் வையுங்கள். கதவோரத்தில் வைத்தால் அறைக் காற்றைத்தான் காட்டும்.

மலிவான கருவிகள் ஐந்து, பத்து புள்ளி முன்பின் காட்டும். அதைச் சரிபார்க்க சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். உப்புக் கரைசலுக்கு மேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் நம் ஊர் வெப்பத்தில் 75 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அது இயற்கை விதி, மாறாது. கருவி 80 காட்டினால் உங்கள் கருவி ஐந்து புள்ளி கூடக் காட்டுகிறது என்று பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

குறி வைக்க வேண்டிய அளவு: 65-க்குக் கீழே. அருங்காட்சியகங்கள் 50-ஐ ஒட்டி வைத்திருக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ சாதாரண வீட்டில் அது நடக்காது, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். 65-க்குக் கீழே பூஞ்சை வராது, வாயு இழுப்பும் அடங்கியிருக்கும். 70-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் ஏதாவது செய்தாக வேண்டும். அதற்காக 30-க்குக் கீழேயும் கொண்டுபோகாதீர்கள். ஈரமே இல்லாத பட்டு வளையாது, மடிப்பில் முறியும். நெசவாளர்கள் குழித்தறியைத் தரையோடு வைத்ததில் இந்தக் கணக்கும் உண்டு. காற்று காய்ந்தால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறும்.

ஐந்து கிராம் பொட்டலம் ஏன் போதாது

இங்கே ஒரு கணக்கு போடுவோம். கணக்கு தெரிந்தால் வீண் செலவு மிச்சம்.

ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள இரும்பு பீரோவின் கொள்ளளவு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக 80 சதவீத ஈரப்பதத்தில் பீரோக் காற்று மொத்தத்திலும் இருப்பது சுமார் 20 கிராம் தண்ணீர். இப்போது புடவையைப் பாருங்கள். சரிகையைக் கழித்து 600 கிராம் பட்டு என்று வைத்துக்கொண்டால், 65 சதவீத ஈரப்பதத்தில் அந்த ஒரே புடவைக்குள் 60 கிராம் தண்ணீர் இருக்கிறது. ஈரப்பதம் 80-க்குப் போனால் அது இன்னும் 20 கிராம் அளவுக்குக் கூடுதலாகக் குடிக்கும். பத்து புடவை இருந்தால் அரைக்கிலோவுக்கு மேல் தண்ணீர் அந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது.

பீரோவில் தண்ணீர்த் தொட்டி புடவைகள்தான். காற்று அந்தத் தொட்டியின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஹேண்ட்பேகோடு வந்த ஐந்து கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குடித்தாலே பெரிது. அதாவது ஒன்றரை, இரண்டு கிராம். ஒரு புடவையின் முந்தானைக்குக்கூடப் போதாது.

எனவே செய்ய வேண்டியது இது. ஈரமான புடவைகளை உள்ளே வைத்துவிட்டுக் காற்றை உலர்த்தப் பார்க்காதீர்கள். காற்று காய்ந்திருக்கும் நாளில் புடவைகளைக் காயவைத்து, காய்ந்த நிலையில் உள்ளே வைத்து, கதவை இறுக்கமாக மூடுங்கள். அப்போது அந்தப் பத்துப் புடவைகளே வெளியிலிருந்து கசிந்து வரும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, பீரோவின் ஈரப்பதம் சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பீரோவை அடிக்கடி திறக்க வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். சிலிக்கா ஜெல் போடுவதென்றால் தட்டுக்கு அரைக்கிலோ கணக்கில் துணிப்பையில் போடுங்கள். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி அவனில் சூடாக்கினால் மறுபடியும் பயன்படும். நீலநிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதைத் தவிர்த்து ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள்.

காற்றாட விடும் நேரம்

ஈரப்பதம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. விடியற்காலையில் உச்சம், பிற்பகலில் குறைவு. காஞ்சிபுரம், ஆரணி, சேலம் போன்ற கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நல்ல நேரம். சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்து ஈரத்தைக் கொட்டிவிடும். அங்கே பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எப்படியோ, கருவி 60-க்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பீரோவைத் திறக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அருமையானவை. வருஷத்தில் ஒரு முறை எல்லாப் புடவைகளையும் வெளியே எடுப்பதென்றால் அப்போது எடுங்கள். இன்னொரு முறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில் காய்ந்த நாளாகப் பார்த்து.

நேர் வெயில் கூடாது. புற ஊதாக் கதிர் பட்டை மஞ்சளாக்கி நொறுங்கவைக்கும். நிழலில், அறைக்குள், சீலிங் ஃபேன் காற்றில் போதும். புடவையை முழு நீளத்துக்கும் விரியுங்கள். பருத்த கம்பியிலோ, வேட்டி சுற்றிய மூங்கில் கழியிலோ போடுங்கள். மெல்லிய நைலான் கயிற்றில் போட்டால் அந்தக் கோட்டிலேயே எடை முழுவதும் இறங்கும். கோர்வைக் கரை போட்ட புடவையில் உடலும் கரையும் சேரும் இடம் கனமாக இருக்கும், அங்கே காற்று படுகிறதா என்று பாருங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் பட்டு சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு இறங்கிவிடும். சரிகை நிறைந்த முந்தானைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இரண்டு விரற்கடை தள்ளி மடியுங்கள்.

ஏசி அறையில் குளிர்ந்திருந்த புடவையை எடுத்துக்கொண்டு மழை நாளில் வெளியே வந்தால், குளிர்ந்த துணியின் மேல் ஈரம் மொத்தமாக வந்து உட்காரும். கல்யாண மண்டபத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வெளியே கிளம்பும் முன் பையை மூடியபடியே அரை மணி நேரம் சாதாரண அறையில் வையுங்கள். வெப்பம் சமமானதும் திறக்கலாம்.

தீபாவளி, கல்யாணம், ஹோமம்

நம் ஊரில் பட்டு வெளியே வருவதே புகை இருக்கும் இடத்துக்குத்தான். அதிலும் தீபாவளியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம், பருவமழை நேரம், காற்றில் 80-க்கு மேல் ஈரம். உடம்பில் வியர்வை. தெரு முழுக்கப் பட்டாசுப் புகை. கரிமருந்தில் பத்தில் ஒரு பங்கு கந்தகம், அது எரிந்தால் கந்தக டை ஆக்சைடு. ஈரப் பட்டும் கந்தகப் புகையும் சேரும் அந்தப் பழைய வெளுப்பறைக்குத் தேவையான எல்லாமே அந்த ஒரு காலையில் கூடிவிடுகிறது. ஒரு தீபாவளியில் புடவை கெட்டுவிடாது. கட்டி அவிழ்த்த கையோடு மடித்து உள்ளே வைத்து, அடுத்த வருஷம்வரை தொடாமல் விட்டு, இப்படிப் பல வருஷம் செய்தால் கெடும்.

என் யோசனை: பட்டாசு வெடிக்கும் நேரத்துக்குப் பருத்தி கட்டுங்கள். பட்டைக் கோயிலுக்கும் விருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டு கட்டியேதான் வெடிப்பேன் என்றால், அவிழ்த்ததும் தனி அறையில் ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். வெளியே மழை பெய்து அறை ஈரப்பதம் 75-க்கு மேல் நின்றால் அறையின் ஜன்னலைச் சாத்தி ஏசியை ஓடவிடுங்கள். ஏசி குளிரவைப்பதோடு காற்றிலிருந்து தண்ணீரையும் பிழிந்து வெளியே விடுகிறது. காய்ந்த காற்றில் பட்டு தன் ஈரத்தை விடும், அதோடு சேர்ந்து கரைந்திருந்த வாயுவில் ஒரு பகுதியும் போகும். அமிலமாக மாறும் முன் போகவிட வேண்டும், அதனால்தான் அன்றைக்கே செய்யுங்கள் என்கிறேன். அக்குளும் இடுப்பும் பட்ட இடங்களைத் தனியாகப் பாருங்கள், அங்கே வியர்வையின் உப்பு இருக்கும். உப்பு இன்னும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

கல்யாணத்தில் ஹோமப் புகையும் அப்படியே. மரமும் நெய்யும் எரியும்போது அசெட்டிக் அமிலமும் ஆல்டிஹைடுகளும் வரும். மணமகளின் கூறைப்புடவை அக்னிக்கு மிக அருகில், வியர்வையோடு, மணிக்கணக்கில் இருக்கிறது. அதைக் காற்றாட விடாமல் மண்டபத்திலேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் வைத்து மாமியார் வீட்டுக்கு அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. பெரியவர்கள் யாராவது ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் விரித்து வைத்துவிட்டு அப்புறம் மடிக்கட்டும்.

பூஜை அலமாரியும் பட்டு அலமாரியும் ஒரே அறையில் இருந்தால், சாம்பிராணி போடும் நேரத்தில் பீரோ மூடியிருக்கட்டும். குளியலறை ஒட்டிய சுவரில் பீரோவைச் சாய்த்து வைக்காதீர்கள். ஈரம் ஒரு பக்கம், அம்மோனியா கலந்த கழுவும் திரவத்தின் வாசம் ஒரு பக்கம்.

பீரோவுக்குள் என்ன இருக்கலாம், என்ன கூடாது

இரும்பு பீரோ நல்லது. அதிலிருந்து எந்த வாயுவும் வராது. புதிதாக பெயின்ட் அடித்திருந்தால் வாசனை முழுக்கப் போகும்வரை கதவைத் திறந்து போட்டு, அப்புறம்தான் பட்டை வைக்க வேண்டும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் கவனம் தேவை. அவற்றை ஒட்டும் பசையில் யூரியா ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. ஈரப்பதம் ஏறினால் அந்தப் பசை இன்னும் அதிகமாக ஃபார்மால்டிஹைடை விடும். அதே ஈரம் பட்டை இன்னும் அதிகமாக இழுக்கவைக்கும். ஒரே காரணம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அப்படிப்பட்ட அலமாரிதான் இருக்கிறது என்றால், வெட்டிய விளிம்புகளை அலுமினியம் தாளால் மூடி ஒட்டி, புடவைகளைத் தனியாக மூடியுள்ள இரும்பு டிரங்குப் பெட்டியில் போட்டு உள்ளே வையுங்கள்.

பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் ஹைட்ரஜன் குளோரைடைக் கசியவிடும், ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைக்கும். செய்தித்தாளும் வேண்டாம், அதன் காகிதமே அமிலம் விடுவது. கஞ்சி போடாத, பலமுறை துவைத்துப் பழகிய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுவதுதான் நான் பார்த்தவரை சிறந்தது. பருத்தியும் ஈரத்தை வாங்கும், ஆனால் பட்டைவிடக் குறைவாக. வெளியிலிருந்து வரும் வாயுவையும் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். அந்தத் துணியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை துவைத்துவிடலாம், புடவையைத் துவைக்க முடியாதே.

அந்துருண்டை பற்றி: நேரடியாகப் புடவைமேல் படக் கூடாது. துணியில் முடிந்து மேல் தட்டில் வையுங்கள், ஆவி காற்றைவிட கனமானது, கீழே இறங்கும். நாப்தலினும் கற்பூரமும், அல்லது நாப்தலினும் இன்னொரு வகை அந்துருண்டையில் இருக்கும் பாராடைகுளோரோபென்சீனும் ஒரே இடத்தில் சேர்ந்தால் உருகித் திரவமாகிக் கறை வைக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நாப்தலினே வேண்டாம். அந்துருண்டையில் கிடந்த துணியைப் போட்டு, பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன. அந்துப்பூச்சிக்குப் பிடித்தது வியர்வையும் எண்ணெயும் பட்ட துணி. சுத்தமாக, காய்ந்ததாக வைத்தாலே முக்கால்வாசித் தொல்லை இல்லை.

சரிகை

அசல் சரிகை என்பது பட்டிழையைச் சுற்றி வெள்ளித் தகட்டு இழை, அதன் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. கறுப்பது உள்ளிருக்கும் வெள்ளி. தங்கப் பூச்சில் நுண்ணிய விரிசல்கள் இருக்கும், அதன் வழியே ஹைட்ரஜன் சல்ஃபைடு நுழைந்து வெள்ளியைக் கறுப்பு சல்ஃபைடாக்கும். இதற்கும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தண்ணீர்ப் படலம் வேண்டும். சரிகையின் நடுவிலேயே பட்டு இழை இருக்கிறது, ஈரத்தைக் குடித்து வெள்ளிக்கு உள்பக்கத்திலிருந்தே ஊட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் சரிகை எளிதில் கறுக்கிறது.

கம்பளியும் புரதம்தான், ஆனால் அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கந்தகம் உண்டு. பட்டில் கந்தகம் மிகக் கொஞ்சம். கம்பளிச் சால்வையைச் சரிகைப் புடவையோடு ஒரே தட்டில் வைத்தால் கந்தக ஆவி வெள்ளிக்குப் போகும். ஊட்டிக்குப் போய் வந்த சால்வைக்கு வேறு தட்டு கொடுங்கள். ரப்பர் பேண்டு, ரப்பர் அடி வைத்த ஹேங்கர், இவையும் சரிகை அருகே கூடாது. கறுத்த சரிகையைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் தங்கமும் போய்விடும்.

வாசம் பிடித்துவிட்ட புடவைக்கு

பழைய புடவை ஒன்று முக்கலாக நாறுகிறது என்றால் முதலில் துணியை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விடுகிறது என்றால் இனி எடுத்துக் கட்டும் எண்ணத்தை விட்டு, பருத்தித் துணியில் உருட்டி வைத்துவிடுங்கள். தாங்குகிறது என்றால் கருவி 55-ஐ ஒட்டிக் காட்டும் நாளில் விரித்து நாள் முழுக்க ஃபேன் காற்றில் போடுங்கள். சாயங்காலம் ஈரம் ஏறும் முன் எடுத்து மூடுங்கள். மறுநாள் மறுபடியும். பகலில் காய்வது, இரவில் மூடிய பெட்டிக்குள் அடங்குவது என்று சில நாள் நடந்தால் நாப்தலினும் புகை வாசமும் பெரும்பாலும் போய்விடும்.

இன்னும் மிச்சமிருந்தால் மூடியுள்ள டப்பாவில் புடவையைத் துணியில் சுற்றி வைத்து, பக்கத்தில் திறந்த கிண்ணத்தில் தூளாக்கிய செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) கால் கிலோ வையுங்கள். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். கரி புடவையைத் தொடக் கூடாது. டப்பாவுக்குள் ஈரப்பதம் 60-க்குக் கீழே இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் விடுங்கள். வாசனைத் திரவியம் அடித்து மூடி மறைக்கப் பார்க்க வேண்டாம், அதையும் பட்டு வாங்கிக்கொள்ளும். டிரை கிளீனிங் கொடுத்து வாங்கி வந்த புடவையானால், பிளாஸ்டிக் கவரைக் கடை வாசலிலேயே கழற்றிவிட்டு, கரைப்பான் வாசம் போகும்வரை விரித்து வைத்து, அதன் பிறகு பீரோவில் ஏற்றுங்கள்.